பாரம் எங்கே இறங்குகிறது? டர்ஹாம் பேராலயத்தின் உள்ளே

பழைய கல் தேவாலயத்துக்குள் முதல்முறை நுழைகிறவருக்கு எதை முதலில் பார்ப்பது என்றே தெரியாது. தூண், வளைவு, வண்ணக் கண்ணாடி, கல்லறை, மரவேலை என எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணை இழுக்கும். சுவரோரப் பலகைகளில் ஆயர்களின் (பிஷப்புகளின்) பெயரும் ஆண்டும் வரிசையாக இருக்கும். மூன்றாவது பலகைக்குள் மனம் களைத்துவிடும். இரண்டே கேள்விகளோடு உள்ளே போனால் போதும் என்பது என் எண்ணம். மேலே இருக்கும் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? அந்தக் காலத்தில் இதற்குள் யார், எதுவரை போக முடிந்தது? முதல் கேள்வி கூரையைப் புரியவைக்கும். இரண்டாவது கேள்வி தரையைப் புரியவைக்கும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பழக டர்ஹாமை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் சிறிய நகரம் அது. வியர் ஆறு ஒரு பாறை மேட்டை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மேட்டின் உச்சியில் பேராலயம், எதிரே கோட்டை. 1986 முதல் இரண்டும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஒரு சவப்பெட்டியின் பயணம்

கதை கட்டடத்தில் தொடங்கவில்லை, ஒரு மனிதரின் உடலில் தொடங்குகிறது. கத்பர்ட் என்பவர் ஏழாம் நூற்றாண்டுத் துறவி. வடகடல் ஓரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்ற சிறு தீவில் ஆயராக இருந்தவர். 687ல் இறந்தார். 11 ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாகத் துறவிகள் எழுதிவைத்தார்கள். அன்றிலிருந்து வடக்கு இங்கிலாந்துக்கு அவரே பெரிய புனிதர்.

793ல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர்கள் அந்தத் தீவைச் சூறையாடினார்கள். தாக்குதல்கள் நிற்காமல் போகவே, 875ல் அந்த மடத்தார் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டுக் கிளம்பினார்கள். சில ஆண்டுகள் அலைச்சல். பிறகு செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்ற ஊரில் நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கினார்கள். கடைசியில் 995ல் டர்ஹாம் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் கட்டிய தேவாலயம் இன்று இல்லை. இப்போது நிற்பது அதற்குப் பின் வடக்குப் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் கட்டியது.

1066ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களுக்கு வடக்கு எளிதில் அடங்கவில்லை. 1069-70 குளிர்காலத்தில் அந்தப் பகுதியின் ஊர்களையும் வயல்களையும் எரித்து, மக்களைப் பட்டினியில் சாகவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆயராக வந்த சேன் கலே வில்லியம், 1083ல் கத்பர்டின் உடலைக் காத்துவந்த பழைய குருக்களை அகற்றிவிட்டு, பெனடிக்ட் சபைத் துறவிகளைக் குடிவைத்தார். 1093 ஆகஸ்ட் 11 அன்று புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தோற்ற மக்களின் புனிதரை வென்றவர்களின் கூரைக்குக் கீழ் கொண்டுவந்த வேலை இது. பக்தி அதில் உண்மையாகவே இருந்தது, ஆட்சிக் கணக்கும் கூடவே இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

கட்டடம் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வளர்ந்தது. பலிபீடமும் புனிதரின் கல்லறையும் கிழக்கில் இருக்க வேண்டும், ஆகவே அந்தப் பகுதி முதலில் தயாராக வேண்டும். மேற்குப் பாதி இன்னும் முடியாதபோதே, 1104ல், கத்பர்டின் உடல் புதிய இடத்தில் வைக்கப்பட்டது. மேற்கே நீளும் நடுக்கூடத்தின் கல் கூரை 1133ல் முடிந்தது. நாற்பது ஆண்டுகள். நூறு, இருநூறு ஆண்டுகள் இழுத்த பேராலயங்களோடு ஒப்பிட்டால் இது மிக வேகம். உள்ளே பெரும்பகுதி ஒரே தலைமுறையின் கை போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கல்லைக் கூரையில் ஏற்றுவது

சரி, இப்போது தலையை நிமிர்த்தலாம்.

அந்தக் காலத்துப் பெரிய தேவாலயங்களில் சுவர் கல்லாக இருக்கும், கூரை மரமாக இருக்கும். இரவும் பகலும் மெழுகுவத்தி எரியும் இடம் அது. கேன்டர்பரி பேராலயம் 1067ல் எரிந்தது. புதிதாகக் கட்டிய பிறகு 1174ல் அதன் கிழக்குப் பகுதி மறுபடி எரிந்தது. கல் கூரை போட்டால் நெருப்புப் பயம் வெகுவாகக் குறையும். பாட்டுக்கும் அது நல்லது: துறவிகள் ஒரே குரலாக இழுத்துப் பாடும் சங்கீதங்களை மரத்தை விடக் கல் நீண்ட நேரம் பிடித்துவைத்திருக்கும்.

ஆனால் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், வளைத்தால் முறிந்துவிடும். நம் ஊர்க் கல் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பது இதனால்தான். தூணுக்குத் தூண் போடும் உத்தரக் கல் அதிக நீளம் போனால் தன் பாரத்திலேயே விரிசல் விடும். நெருக்கமாகத் தூண் வைக்காமல் அகலமான கூடத்தைக் கல்லால் மூட வேண்டுமென்றால் வளைவுதான் வழி.

வளைவில் ஒவ்வொரு கல்லும் ஆப்பு போலச் செதுக்கப்பட்டது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் எந்தக் கல்லும் வளைய வேண்டியதில்லை, அழுத்தத்தைத் தாங்கினால் போதும். இதற்கு ஒரு விலை உண்டு. சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள். மேலே மெல்ல அழுத்தினால் கால்கள் வெளிப்பக்கமாக வழுக்கும். வளைவும் அப்படித்தான், தன்னைத் தாங்கும் சுவர்களை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கல் தேவாலயத்தின் முழுக் கதையும் இந்தத் தள்ளுதலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான்.

முதல் வழி, வளைவை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போய்ச் சுரங்கப்பாதை போன்ற கூரை அமைப்பது. அப்போது சுவரின் நீளம் முழுக்கத் தள்ளுதல் விழும். சுவர் தடிமனாக வேண்டும், ஜன்னல் சிறியதாக வேண்டும். உள்ளே இருட்டு. இரண்டாவது வழி, இரண்டு சுரங்கக் கூரைகளைக் குறுக்காக வெட்டவிடுவது. அப்போது பாரம் நான்கு மூலைகளில் மட்டும் இறங்கும், நடுவில் சுவரைத் திறந்து ஜன்னல் வைக்கலாம். ஆனால் இரண்டு கூரைகளும் சந்திக்கும் மடிப்பில் கற்களைச் சரியாக வெட்டுவது பெரும் பாடு. கோடு நேராக வராது.

டர்ஹாமின் கல்தச்சர்கள் செய்தது மூன்றாவது வழி. மடிப்பு வரும் இடத்தில் முதலில் மெல்லிய கல் வளைவுகளைத் தனியாகக் கட்டினார்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. பார்வைக்கு நெஞ்சுக்கூட்டின் விலா எலும்பு போல இருப்பதால் இவற்றை விலா வளைவு என்பார்கள். எலும்புக்கூடு நின்ற பிறகு, இடையில் இருக்கும் முக்கோணங்களைச் சிறிய கற்களாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் நிரப்பினார்கள். கட்டும்போது வளைவு விழாமல் இருக்க அடியில் மரச்சட்டம் கொடுப்பார்கள். நம் கட்டட வேலையில் ‘சென்ட்ரிங்’ என்கிறோமே, அந்தச் சொல்லே வளைவுக்கு அடியில் வைக்கும் இந்தச் சட்டத்திலிருந்து வந்ததுதான். கூரை காய்ந்து இறுகிய பிறகும் விலாதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது என்று நினைக்க வேண்டாம். அப்போது முழுக் கூரையும் சேர்ந்தே நிற்கும். விலாவின் பெரிய உதவி கட்டும் நேரத்தில்: அது வழிகாட்டிக் கோடு, மடிப்புகளை ஒழுங்காகக் காட்டும் விளிம்பு.

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அரைவட்ட வளைவின் உயரம் எப்போதும் அதன் அகலத்தில் பாதி. ஒரு செவ்வகக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர் என்றால் மூலைவிட்டம் 10 மீட்டர். எல்லாவற்றிலும் அரைவட்டம் போட்டால் ஒன்று 3 மீட்டர் உயரும், ஒன்று 4, மூலைவிட்டம் 5. மூன்றும் மூன்று உயரத்தில் முடிந்தால் கூரை மேடும் பள்ளமுமாகத்தான் வரும். தீர்வு, அகலம் குறைந்த வளைவின் உச்சியைக் கூராக்குவது. இரண்டு வில்கள் உச்சியில் சந்திக்கும் கூர்வளைவுக்கு அகலத்துக்கு இவ்வளவுதான் உயரம் என்ற கட்டாயம் இல்லை, வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

டர்ஹாம் நடுக்கூடத்தில் நின்று மேலே பார்த்தால் இது அப்படியே தெரியும். கூடத்தின் குறுக்கே போகும் பெரிய வளைவுகள் லேசாகக் கூர்ந்திருக்கும். மூலைவிட்ட விலாக்கள் அரைவட்டத்தை ஒட்டியிருக்கும். விலா, கூர்வளைவு இரண்டையும் சேர்த்து இவ்வளவு பெரிய கூடம் முழுவதும் கல் கூரை போட்ட மிகப் பழைய இடங்களில் இது முதன்மையானது. பின்னால் பிரான்ஸில் தொடங்கி ஐரோப்பா எங்கும் பரவிய கோதிக் கட்டடக்கலைக்கு வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் இங்கே தயாராக இருக்கின்றன. மூன்றாவது பொருளும் உண்டு, ஆனால் தரையில் நிற்கிறவர் கண்ணில் அது படாது. பக்கக்கூடங்களின் மேல்தளத்தில், சாய்கூரைக்கு அடியில், கால்வட்ட வடிவக் கல் முட்டுகள் நடுக்கூடச் சுவரை வெளியிலிருந்து உள்நோக்கித் தாங்கி நிற்கின்றன. கோதிக் காலத்தில் இதே முட்டு கூரையை விட்டு வெளியே வந்து ஆகாயத்தில் பாலம் போல நின்றது. டர்ஹாமில் அது இன்னும் வெட்கப்பட்டு உள்ளே ஒளிந்திருக்கிறது.

எல்லாமே முதல் முயற்சியில் சரியாக வந்துவிடவில்லை. கிழக்குப் பகுதியின் முதல் கல் கூரை விரிசல் விட்டு, 13ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டது. அங்கே கற்றுக்கொண்ட கை நடுக்கூடத்துக்கு வந்தது. நடுக்கூடத்தின் கூரை இன்னும் நிற்கிறது.

தூண்கள்

இறங்கி வந்த பாரம் தூணில் விழுகிறது. இங்கே இரண்டு வகைத் தூண்கள் மாறி மாறி வரும். ஒன்று பல மெல்லிய தண்டுகளைச் சேர்த்துக் கட்டியது போன்ற பெரிய கொத்துத் தூண். கூரையின் குறுக்கு வளைவுகள் இதன் மேல்தான் வந்து இறங்குகின்றன. அடுத்தது உருண்டைத் தூண். சுற்றளவும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே, 6.6 மீட்டர் அளவில். இத்தனை பருமன் முழுதும் கெட்டிக் கல் இல்லை. வெளியே செதுக்கிய கல் உறை, உள்ளே உடைகல்லும் சாந்தும்.

அந்த உருண்டைத் தூண்களில் ஆழமாக வெட்டிய கோலங்கள் இருக்கின்றன. ஒன்றில் நெளிவரி, ஒன்றில் சாய்சதுர வலை, ஒன்றில் செங்குத்துப் பள்ளங்கள், ஒன்றில் சுருள். தூணைச் சுற்றிவரும் வரி ஒவ்வொரு கல்லிலும் தொடர்ந்து பொருந்த வேண்டும். ஒரு கல் தவறான கோணத்தில் வெட்டப்பட்டிருந்தால் கோலம் அங்கேயே உடைந்திருக்கும். எனக்கு இந்தப் பேராலயத்தில் மிகவும் பிடித்தது இந்தத் தூண்கள்தான். அத்தனை கனத்தைத் தாங்கும் பொருளின் மேல் இவ்வளவு விளையாட்டு. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

இன்று கல் வெறும் மணற்கல் நிறத்தில் இருப்பதால், அன்றும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இடைக்காலத்தில் உள்சுவர்களுக்கு வெள்ளை பூசி, சிவப்பிலும் கறுப்பிலும் மற்ற நிறங்களிலும் வரைந்திருந்தார்கள். மேற்கு முனைச் சிற்றாலயத்தில் 12ஆம் நூற்றாண்டு ஓவியம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

தரையில் ஒரு கறுப்புக் கோடு

இப்போது இரண்டாவது கேள்வி. பேராலயம் சிலுவை வடிவம். நீண்ட தண்டு மேற்கில், அதுதான் நடுக்கூடம். இரண்டு கைகள் வடக்கிலும் தெற்கிலும். கைகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே நடுக்கோபுரம். அதைத் தாண்டிக் கிழக்கே துறவிகள் பாடிய பகுதி, பிறகு பெரிய பலிபீடம், அதற்கும் பின்னால் கத்பர்டின் கல்லறை. மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகப் புனிதம் கூடும், அனுமதி குறையும்.

வடக்கு வாசலிலேயே இது தொடங்குகிறது. கதவில் சிங்கம் போன்ற முகம் கொண்ட வெண்கல வளையம் ஒன்று தொங்குகிறது. குற்றம் செய்துவிட்டு ஓடிவந்தவர் அதைப் பிடித்துத் தட்டினால் 37 நாட்கள் அடைக்கலம் கிடைக்கும். அதற்குள் வழக்கைச் சந்திக்க வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும். இப்போது கதவில் இருப்பது நகல். 12ஆம் நூற்றாண்டு மூலம் அருங்காட்சியகப் பகுதியில் இருக்கிறது.

கொலைகாரருக்குக் கூட இடம் கொடுத்த இந்த வீட்டில் பெண்களுக்கு ஒரு எல்லை இருந்தது. நடுக்கூடத்தின் மேற்கு முனைக்கு அருகே தரையில் கறுப்புக் கல்லால் ஒரு கோடு பதித்திருக்கிறார்கள். பெண்கள் அதைத் தாண்டிக் கிழக்கே போகக் கூடாது. கத்பர்டுக்குப் பெண்கள் அருகில் வருவது பிடிக்காது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் உயிரோடு இருந்தபோது அவர் எல்ஃப்ளெட் என்ற பெண் மடத்தலைவியோடு நல்ல நட்பில் இருந்தவர். பெண்களை வெறுத்த கத்பர்ட் என்ற கதை, 1083க்குப் பிறகு வந்த துறவிகள் காலத்தில்தான் எழுத்தில் வருகிறது. அவர்கள் வெளியேற்றிய பழைய குருக்களில் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், கதை யாருக்குத் தேவைப்பட்டது என்று புரியும். 1333ல் மூன்றாம் எட்வர்டின் அரசி ஃபிலிப்பா மடத்து வளாகத்தில் தங்கியபோது, துறவிகள் நள்ளிரவில் அவரை எழுப்பிக் கோட்டைக்குப் போகச் சொன்னார்கள். அரசிக்கே அந்த நிலை.

இந்தக் கதை கட்டடத்தின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. ஆயர் ஹியூ டு புய்செ 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் கட்ட நினைத்தார். வழக்கப்படி கிழக்கு முனையில் தொடங்கினார். சுவர்கள் விரிசல் விட்டன. கத்பர்டுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, எதிர்முனையில், மேற்கில், ஆற்றுக்கு மேலே தொங்கும் பாறை விளிம்பில் கட்டினார்கள். அதற்கு கலிலேயா சிற்றாலயம் என்று பெயர். பெண்கள் வரலாம். மெல்லிய தூண்களும் நெளிவரி வெட்டிய வளைவுகளும் வரிசை வரிசையாக நிற்கும் அந்த இடம், நடுக்கூடத்தின் கனத்திலிருந்து வருகிறவருக்கு மூச்சு விடுவது போல இருக்கும். ஆங்கிலேயரின் முதல் பெரிய வரலாற்றாசிரியரான பீட் என்ற துறவியின் எலும்புகள் 1370 முதல் இங்கேதான் இருக்கின்றன.

கிழக்கு விரிசலுக்கு இன்னொரு பதிலும் பின்னால் வந்தது. 1242ல் தொடங்கி அங்கே ஒன்பது பலிபீடங்களை ஒரே வரிசையில் வைத்து ஒரு குறுக்குக்கூடம் கட்டினார்கள். தரையைத் தாழ்த்தி, ஜன்னல்களை உயர்த்தி, சுவரைப் பாதி வெளிச்சமாக்கினார்கள். இங்கே மெல்லிய தண்டுகளுக்குப் பயன்பட்ட ஃப்ராஸ்டர்லி கல் டர்ஹாம் பகுதியிலேயே கிடைப்பது. மெருகேற்றினால் கறுப்பாகும், அதற்குள் பழங்காலப் பவளங்கள் வெள்ளையாகத் தெரியும். நடுக்கூடத்துத் தூணைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் கல்தச்சர்களுக்குக் கல்லின் மேல் எவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது என்பது கண்ணுக்கே தெரியும்.

அன்று சாதாரண மக்களின் பார்வை நடுக்கூடத்தோடு நின்றுபோகும். குறுக்கே ஒரு கல் தடுப்பு இருந்தது. அதற்கு அப்பால் துறவிகளின் பாட்டைக் கேட்கலாம், பார்க்க முடியாது. யாத்திரிகர்கள் பக்கக்கூடம் வழியாகச் சுற்றிக் கல்லறைக்குப் போனார்கள். கல்லறையின் மேல் ஒரு மூடி. விழா நாட்களில் கயிறு இழுத்து அதைத் தூக்குவார்கள். கயிற்றில் ஆறு வெள்ளி மணிகள் கட்டியிருந்ததால், கோவிலில் எங்கே நின்றாலும் மூடி எழுவது காதில் விழும்.

உடைந்ததும் மிஞ்சியதும்

அரசர் எட்டாம் ஹென்றி மடங்களை மூடிய காலத்தில் கல்லறை இடிக்கப்பட்டது. 1539 டிசம்பர் 31 அன்று துறவிகள் மடத்தை ஒப்படைத்தார்கள். 1380ல் முடிந்த, பிரான்ஸின் கான் நகரக் கல்லால் ஆன உயரமான பீடத் தடுப்பு இன்றும் நிற்கிறது, நெவில் என்ற பிரபுக் குடும்பத்தின் கொடை அது. அதில் நின்ற 107 சிலைகள் போய்விட்டன. காலி மாடங்கள் மட்டும் ஊசி ஊசியாக மேலே ஏறுகின்றன.

1650ல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகள் சுமார் 3,000 பேரை, இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் படைத்தலைவர் கிராம்வெல்லின் படை இந்தப் பேராலயத்துக்குள் அடைத்தது. குளிர், பசி, வயிற்றுப்போக்கு. மர இருக்கைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். ஏறக்குறைய 1,700 பேர் இறந்தார்கள். 2013ல் பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அவர்களில் சிலரின் எலும்புகள் கிடைத்தன. இப்போது பாடகர் பகுதியில் இருக்கும் கறுத்த மர இருக்கைகள் 1660களில் ஆயர் கோசின் புதிதாகச் செய்துவைத்தவை. அவை ஏன் கட்டடத்தை விட 500 ஆண்டுகளுக்கு மேல் இளையவை என்று கேட்டால், பதில் அந்தக் குளிர்காலம்.

கத்பர்ட் போகவில்லை. கல்லறையை இடித்தவர்கள் உடலை அதே இடத்தில் தரைக்கு அடியில் புதைத்தார்கள். 1827ல் திறந்தபோது ஓர் எலும்புக்கூடும், பொன்னில் சிவப்புக் கல் பதித்த சிறிய சிலுவையும், அப்போஸ்தலர்களின் உருவம் கீறிய கருவாலி மரச் சவப்பெட்டியின் துண்டுகளும் கிடைத்தன. 875ல் தோளில் ஏறிய பெட்டி அது. சிலுவையும் துண்டுகளும் இப்போது பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எலும்புகளைத் திரும்ப மண்ணிலேயே வைத்துவிட்டார்கள்.

பெரிய பலிபீடத்துக்குப் பின்னால் சில படிகள் ஏறினால் அந்த இடம் வரும். தரையில் ஒரு கல் பலகை, அதில் கத்பர்ட்டஸ் என்ற ஒரே பெயர். மேற்கே இருக்கும் கறுப்புக் கோட்டை மிதித்துத் தாண்டி, இன்று பெண்களும் ஆண்களும் அதுவரை நடந்து வருகிறார்கள்.